நாற்பத்தாறாம் அளவு

யசோதினிக்கு முப்பத்தைந்து வயது. தன்னாமுனையில் வாவிக்குக் கிட்ட வீடு. கணவன் உதயரூபன் மேசன் வேலை செய்கிறவன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவளுடைய உடம்பு பெருத்தது. மார்பு அதைவிடப் பெருத்தது. அதன்பின் பத்து வருடமாக அவளுக்கு அளவான ஒரு பிரா கிடைக்கவில்லை.

நகரத்துப் புடவைக் கடையொன்றில் ஒருமுறை கேட்டாள். விற்பனைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாப்பதுக்கு மேல வராது, அக்கா."

"வேற எங்கயும் கிடைக்குமா?"

அந்தப் பெண் காசாளர் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டாள்: "அண்ணன், தலகாணி உறை எந்த மாடியில?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற உதயரூபனும் சிரித்தான். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கதையை அவனே எடுத்துச் சொன்னான். அங்கே எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவனுடைய அக்கா அஜந்தா. அவளும் பருத்த பெண்தான்.

நடைபாதையில் வாங்கிய நாற்பதாம் அளவை முதுகுப் பக்கம் வெட்டி, இன்னொரு துண்டு வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள் யசோதினி. கம்பி விலாவில் குத்தும். பட்டி அழுத்தி அழுத்தித் தோள் இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது. வெயில் காலத்தில் வியர்வை அதில் ஊறி எரியும். மார்புக்குக் கீழே தோல் அவிந்து புண்ணாகும். கழுத்து வலி என்று டாக்டரிடம் போனாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "உடம்பக் குறையுங்க," என்றார்.

இத்தனைக்கும் அவள் வேலை செய்தது பிரா தைக்கும் ஆடைத் தொழிற்சாலையில். முதுகுப் பட்டியில் கொக்கி வைத்துத் தைப்பது அவளுடைய வேலை. எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவை. ஏழு வருடமாக அவள் கையால் போனவை எல்லாம் சின்ன அளவுகள். போன மாசி மாதம் புதிய ஓடர் ஒன்று வந்தது. அதில் நாற்பத்தாறாம் அளவு இருந்தது.

தோள்பட்டி இரண்டு விரல் அகலம். உள்ளே மெத்தென்று பஞ்சு. கொக்கி நாலு வரிசை. யசோதினி மெசினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஸ்றா, இதப் பாருகா. இந்த அளவிலயும் ஆக்கள் இரிக்காங்க."

பக்கத்து மெசினில் இருந்த நிஸ்றா ஏறாவூர்க்காரி. "இரிப்பாங்க புள்ள. தச்சுக் குடு, இண்டைய டாகெட் கணக்குப் பிந்துது," என்றாள்.

பிழை வந்த பிராக்களை அங்கே விற்பதில்லை. கத்தரியால் வெட்டி எறிவார்கள். அது தெரிந்தும் யசோதினி இரண்டு நாள் யோசித்து, லைனைப் பார்க்கும் சுப்பவைசர் சுதாகரனிடம் போய்க் கேட்டாள்.

"சேர், றிஜெக்ட்ல ஒண்ட நான் எடுக்கட்டா? சம்பளத்தில வெட்டுங்க."

சுதாகரன் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்தான். "எல்லாரும் பாருங்க. வெள்ளக்காரிக்கு எண்டு நினச்சன். யசோதினிக்குத்தானாம் ஓடர் வந்திரிக்கு!"

மெசின்கள் நின்றன. லைன் முழுக்கச் சிரித்தது. பிறகு அவன் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்: "இண்டைக்குப் பின்னேரம் நீங்க வெட்டுற மேசையில இரிங்க. ஆசை உள்ளவதான் கவனமா வெட்டுவா."

அவள் இருந்து வெட்டினாள். நல்ல துணி, கத்தரி இலேசில் இறங்கவில்லை. ஒவ்வொன்றையும் நடுவால் பிளக்க வேண்டும். நாற்பத்தாறில் மட்டும் ஒன்பது இருந்தன. எட்டை வெட்டினாள். ஒன்பதாவதில் லேஸ் ஒரு நூல் சரிந்திருந்தது, வேறு குறை இல்லை. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள்.

நாலு கொக்கியையும் மாட்டியபோது தோளிலிருந்து பாரம் இறங்கியது. அந்தப் பாரம் முதுகுப் பட்டியில் போய் இருந்துகொண்டது. மூச்சை இழுத்தாள், எங்கும் குத்தவில்லை. பழையதைக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தச் சுகம் பதினொரு நாள் இருந்தது. இரவில் கழுவி, விசிறிக்குக் கீழே காயவைத்துக் காலையில் போட்டாள். தோள் எரிச்சல் நின்றது. கழுத்தைத் தேய்க்க எழும்பாமல் தைத்ததால் ஒவ்வொரு நாளும் டாகெட்டுக்கு மேலே போனாள். அதுதான் சுதாகரனின் கண்ணில் பட்டது. அவள் நிமிர்ந்து இருப்பதையும் அவன் பார்த்தான்.

பன்னிரண்டாம் நாள் கேட்டில் நிற்கும் காவல்காரப் பெண் கண்ணகை அவளை முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனாள். சாட்சிக்கு நிஸ்றாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள் கண்ணகை.

லேபல் அப்படியே இருந்தது. கண்ணகை அளவை வாசிக்க, நிஸ்றா கடதாசியில் கையெழுத்து வைத்தாள்.

"எனக்கு மூணு புள்ள, யசோதினி," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

கழற்றிய பிராவை மேசையில் வைத்து, சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்தவளின் கையில் சுதாகரன் அந்தப் பிராவையும் கத்தரியையும் கொடுத்தான். "ஒண்டு மிச்சமாக் கிடந்த. அதையும் முடிச்சிட்டுப் போங்க."

அவள் வெட்டினாள். அந்த நிமிடத்தோடு வேலை போயிற்று. உள்ளே ஒன்றும் இல்லாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். இருக்கை கிடைக்கவில்லை. ஒரு கையால் மேலே கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடத்துநர் பார்த்துவிட்டுச் சாரதிக்கு என்னவோ சொன்னான்.

வீட்டில் உதயரூபன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "களவெடுக்கிற எண்டா ஒரு பவுண் நகையையாவது எடுத்திருக்கலாமே. ஊருக்குள்ள நான் என்னத்தச் சொல்லுற?" என்றான்.

ஊரே சொல்லிக்கொண்டது. அவள் வீட்டு ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

மூன்று மாதம் அவள் வெளியே போகவில்லை. வெட்டிய துண்டுகளின் உருவம் கையில் பதிந்திருந்தது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, மூத்த பிள்ளையைக் கடைக்கு அனுப்பி வாங்கிய அகலமான எலாஸ்டிக்கை வைத்து வீட்டு மெசினில் தைத்துப் பார்த்தாள். மூன்று தரம் பிழைத்தது. நாலாவது தாங்கியது. தொழிற்சாலையினுடையதைப் போல இல்லை. ஆனாலும் தோளை வெட்டவில்லை.

அது கொடியில் காய்வதைக் கண்டுவிட்டு, ஒரு மத்தியானம் அஜந்தா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். அதே பள்ளம், அதே புண்.

"நீ தச்சது நோகாதா?"

"நோகாது, மச்சாள்."

"எனக்கும் ஒண்டு தச்சுத் தா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

யசோதினி அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்தது. பெண்கள் கூட்டத்தில் அஜந்தா நேராக நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "களவுக்குப் பயந்து நகைய மட்டும் பாத்தாக் காணாது. கொடியில காயிற உடுப்பையும் பாத்துக்கொள்ளுங்க. எங்கட குடும்பத்துக்குள்ள ஒருத்தி இரிக்காள்."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு அடி பின்னால் நின்ற யசோதினிக்கு எல்லாம் கேட்டது. அஜந்தாவின் ரவிக்கைக்குள்ளால் அவள் தைத்த பட்டி தெரிந்தது. யசோதினி சடங்கு முடியுமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் அஜந்தா மாற்றிப் போட இன்னொன்று கேட்டு வந்தாள். கதவைத் தட்டிக் கெஞ்சினாள். பழையது ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, புண் திரும்ப வந்துவிட்டது என்றாள். யசோதினியிடம் துணி இருந்தது, அளவும் தெரியும். மெசினை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல், அஜந்தா போகும்வரை உள்ளேயே இருந்தாள்.