கடலில் விட்ட சட்டை

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்று தறியில் உட்கார்ந்தவன் நான். நெசவாளர் சங்கத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிரப் பேனா பிடிக்கும் வேலை எனக்கு வந்ததில்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் குழப்பம்தான். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் திருத்தித் தருவாள். ஆனால் இதை அவளிடம் காட்டவில்லை. காரணம் கடைசியில் புரியும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் பள்ளியிலிருந்து பிள்ளைகளை மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். சுற்றிப் பார்க்க மட்டும் அல்ல. ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கெடுக்காமல் எப்படிப் போய் வருவது என்று அங்கேயே வைத்துப் பாடம் நடத்தப்போவதாக அறிவியல் ஆசிரியர் சொன்னார். திரும்பி வந்ததும் காலைக் கூட்டத்தில் எல்லா வகுப்புக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவள் என் மகள். அவளை ஆசிரியரே தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சுதான்.

துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்த என் மனைவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவளுக்குப் பதில் நான் போனேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றதால் ஒப்புக்கொண்டேன்.

கிளம்பும்போது மனைவி படுத்தபடியே சொன்னாள்: “இந்த வருஷம் நமக்கு ஒண்ணும் சரியில்லீங்க. உங்க கை உடைஞ்சது, தறி நின்னது, எல்லாம் பேஜாரு. கடலுக்குத்தானே போறீங்க? தலை முழுகிட்டு, மாட்டிகினு போற பழைய சட்டையை அங்கியே விட்டுட்டு வந்துடுங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

கெட்ட காலம் கழிய, குளித்த துணியைத் தண்ணீரில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ‘விடு’ என்றுதான் சொல்வோம். ‘போடு’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, அது குப்பை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கடற்கரையில் ஆசிரியர் பிள்ளைகளை மணலில் உட்காரவைத்துப் பேசினார். நான் தூரத்தில், பேருந்து நிழலில், எலுமிச்சை சாதப் பாத்திரங்களுக்குக் காவல். காற்றில் அவர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு சாக்கோடு குப்பை பொறுக்கக் கலைந்தார்கள். இதுதான் சமயம் என்று படகுகளுக்கு அந்தப் பக்கம் போய் முழுகினேன். சட்டையைக் கழற்றி அலையில் விட்டேன். மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பார்த்திருந்தால், அடுத்த அலையே அதைக் கரைக்குத் தள்ளியதைக் கண்டிருப்பேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பையன் குச்சியில் எதையோ தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“சார், பூச்சாண்டி சார்!”

என் சட்டை. தோளில் கிழிந்த இடத்தில், மிச்சமான அரக்குப் பட்டுத் துண்டை வைத்து மனைவி ஒட்டுப்போட்டிருந்தாள். அப்படி ஒரு சட்டை வேறு யாரிடமும் இருக்காது. மகள் ஓடிப்போய் அதைப் பிடுங்கப் பார்த்தாள்.

“தொடாதம்மா, அழுக்கு,” என்றார் ஆசிரியர். “பாத்தீங்களா பசங்களா? இவ்ளோ நேரம் என்ன சொன்னேன்? எவனோ இப்பதான் போட்டுட்டுப் போயிருக்கான்.”

“சார், அது எங்கப்பாது,” என்றாள் மகள். வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “போடலைங்க சார். விட்டேங்க,” என்றேன்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். “நீ விட்டுட்டுப் போயிடுவ நைனா. எங்க வலையில மீனுக்கு முன்னாடி உன் சட்டைதான் ஏறுது. அமாவாசை வந்தா வலையைத் தூக்க முடியல.”

ஆசிரியர் சங்கடப்பட்டு, “பரவால்லீங்க, கொண்டு வந்ததைக் கொண்டு போயிடுவோம். இன்னிக்குப் பாடமே அதான்,” என்று சட்டையை ஒரு பையில் போட்டுத் தந்தார்.

திரும்பும் வழியெல்லாம் பையன்களுக்கு அதுதான் விளையாட்டு. ஒருவன் வேர்க்கடலைத் தோலைக் கீழே சிந்தினான். “டேய், ஏண்டா போட்ட?” என்றான் இன்னொருவன். “போடலடா, விட்டேன்!” பேருந்தே சிரித்தது. மகள் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி வந்தாள். வந்தவாசியில் டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். “வேணாம்பா” என்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டில் ஈரச் சட்டையைப் பார்த்ததும் மனைவி பயந்துபோனாள். “இது ஏன் திரும்பி வந்துச்சு?”

“கடலுக்கு வேணாமாம்மா,” என்றாள் மகள்.

காலைக் கூட்டத்தன்று தறியை நிறுத்திவிட்டு, பள்ளி மதில் ஓரமாகப் போய் நின்றேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. பாட்டில், பிளாஸ்டிக் பை, உடைந்த கண்ணாடி, முட்டையிடக் கரைக்கு வரும் ஆமை, அங்கேயே பிழைக்கும் மீனவர்கள் எல்லாம் சொன்னாள். பார்க்க வருகிறவர்கள் அந்த ஊருக்கு விருந்தாளிகள் என்றாள். கைதட்டினார்கள். ஆனால் துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடற்கரையில் அன்று சாக்குகளைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றியவன் நான். எல்லாவற்றிலும் கனம் துணிதான்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். “துணியப் பத்திச் சொல்லலியேம்மா?”

தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “அதை மட்டும் விட்டுட்டேன்பா.”

கடற்கரையில் பட்ட வெட்கம் தலை காய்ந்ததும் கொஞ்சம் குறைந்தது. இது குறையவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டிய ஒன்றை, அப்பன் முகத்துக்காக என் மகள் விட்டுவிட்டாள். எங்கள் ஊரிலிருந்து அமாவாசைக்குக் கடலுக்குப் போகிற வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அன்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பெற்றோரும் எழுதலாம் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார். அதனால் எழுதுகிறேன். துணியும் குப்பைதான், பிள்ளைகளே. விட்டாலும் அது போட்டதுதான். உங்கள் வீட்டில் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், சட்டைக்காரர் சொன்னார் என்று சொல்லுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை. என் மகளை மட்டும் கேலி செய்யாதீர்கள்.

அந்தச் சட்டையில் இப்போது தறி துடைக்கிறேன்.

புரட்டாசி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.