கடைசிக் குழாயில் சாதா

குழாய்க்காரர் என்றதும் சமையலறையில் தண்ணீர்க் குழாய் சரிசெய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்துக் கூப்பிட்டவர்களிடம் அவர் சண்டையே போட்டிருக்கிறார். அவருடைய குழாயில் ஓடுவது பீர். மதுக்கடைகளின் கீழ்த்தளத்தில் குளிர் அறை இருக்கும். அங்கே பீப்பாய்கள். பீப்பாயிலிருந்து சுவரைத் துளைத்து மேலே ஏறும் பிளாஸ்டிக் குழாய்கள். மேலே மேசைக்குப் பின்னால் நிற்கிறவன் பிடியை இழுத்தால் கண்ணாடிக் குவளை நிறைகிறது, வாங்கியவன் குடிக்கிறான். நடுவில் ஒரு குழாய் இருக்கிறதே, அதைக் கழுவாமல் விட்டால் பாசி பிடிக்குமே என்று எவனும் நினைப்பதில்லை. நினைப்பதற்கென்று பிறந்தவர் இவர்.

அழுக்கைக் கரைக்கிற சோடாக் காரம் கலந்த தண்ணீரைக் குழாயில் ஏற்றி ஊறவிடுவார். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசுவார். பீப்பாயை மாட்டிவிட்டு மேலே வந்து முதல் குவளையைப் பிடிப்பார். எந்தக் கடையானாலும் கழுவிய பின் வரும் முதல் குவளை அவருடையது. அது அவர் வைத்த சட்டம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி விழுங்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொல்வார்: “ஓடுது.”

நல்லா இருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது குடிக்கிறவன் சொல்ல வேண்டியது, குழாய் ஓடுதா இல்லையா என்பதுதான் என் பாடு என்பார். சரியில்லை என்றால் மட்டும் வாய் நீளும். “கார வாடை நிக்குது, இன்னொரு தடவை அலசணும்” என்பார். அலசிப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். உடம்பு எப்படி என்று கேட்டாலும் அவரிடமிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். கல்யாணமான புதிதில், “என்னைப் பிடிச்சிருக்கா?” என்று ஆசையாகக் கேட்ட மனைவியிடமும் “ஓடுது” என்று சொல்லிவைத்தார். அந்த அம்மாள் அதை இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்கவிடவில்லை.

அந்த அம்மாளுக்கு ஒரு தம்பி. குழாய்க்காரருக்கு மச்சான். வாயாலேயே வீடு கட்டிக் குடியேறிவிடுகிற ரகம். செருப்புக்கடை வைத்தான், மூடினான். போட்டோ ஸ்டூடியோ வைத்தான், அதையும் மூடினான். கடைசியில் பீர்க்கடை வைக்கிறேன் என்று வந்து நின்றபோது குழாய்க்காரர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. தரைப் பலகைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஆள் புக முடியாத சந்தில் தோளைத் திணித்து, அத்தனை குழாயையும் தன் கையாலேயே இழுத்துக்கொடுத்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட தோள் இன்றும் மேலே தூக்க வராது.

“உங்களுக்கு நான் என்ன மாமா செய்யணும்?” என்று மச்சான் கண் கலங்கிக் கேட்டான்.

“ஒண்ணும் வேணாம்டா. வரிசையில கடைசிக் குழாய்ல எப்பவும் சாதா ஓடணும். அது போதும்.”

“அக்கா மேல சத்தியம் மாமா. நீங்க இருக்கிற வரைக்கும் கடைசிக் குழாய் சாதாதான்.”

சாதா என்றால் வெளிறிய பொன்னிறத்தில், மேலே இரண்டு விரல் நுரையோடு, தாகத்துக்குக் குடிக்கிற பீர். குடித்தவனைப் பேசவிடும். தன்னைப் பற்றிப் பேசு என்று சட்டையைப் பிடிக்காது. குழாய்க்காரருக்கு உலகத்தில் வேறு பீர் தேவைப்பட்டதில்லை.

பிறகுதான் அந்தக் கசப்பு வந்து சேர்ந்தது. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்கிற பச்சைப் பூ. சாதாவிலும் அது உண்டு, அளவோடு. எவனோ ஒருவன் அதை அள்ளிக் கொட்டினான். இன்னொருவன் அதற்கு மேல் கொட்டினான். பிறகு யார் அதிகம் கொட்டுவது என்று ஊர் ஊராகப் போட்டி. மச்சான் கடைக்கு அந்தக் கசப்பு பீரின் முதல் பீப்பாய் வந்த அன்று கூட்டம் கூடியிருந்தது. குழாய்க்காரர் வழக்கம்போல் கழுவி, மாட்டி, முதல் குவளையைப் பிடித்து ஒரு வாய் குடித்தார். நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது.

“எப்படி மாமா?” என்று மச்சான் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

பாவி மனிதர், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். “ஓடுது.”

“கேட்டீங்களா? குழாய்க்காரரே சொல்லிட்டாரு, ஓடும்னு!”

மறுநாள் சுவரில் ஆள் உயர எழுத்தில் பெயிண்ட் அடித்திருந்தது: ‘ஓடும்! – குழாய்க்காரர்.’ அவர் பதறிக்கொண்டு போய்க் கேட்டார். “டேய், நான் குழாயைச் சொன்னேன்டா.”

“நான் கடையைச் சொன்னேன் மாமா. ரெண்டும் ஓடட்டுமே.”

ஓடத்தான் செய்தது. கரும்பலகையில் மாதத்துக்கு ஒரு பெயர் முளைத்தது: பேய்க்கசப்பு, இரட்டைப் பேய், பேய்க்கு அப்பன். ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு ‘ஆகா’ என்றார்கள். குடித்ததைவிட மோந்து பார்த்தது அதிகம். ஒருத்தர் பிசின் வாசனை என்பார், இன்னொருத்தர் ஈரப் புல் என்பார். ஈரப் புல்தான் வேண்டுமென்றால் எதிரே மைதானம் கிடக்கிறது, காசில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டு மோந்து பார்க்கலாம். சாதா கேட்டு வருகிறவனை மற்றவர்கள், சாப்பாட்டுக்கடையில் பால்சோறு கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஒரு நாள் மாலை குழாய்க்காரர் மூலை மேசையில் தன் சாதாவோடு உட்கார்ந்திருந்தபோது மச்சான் வந்து பக்கத்தில் குந்தினான்.

“மாமா, சுவத்துல உங்களைப் பத்தி எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டு வர்றவன், நீங்க சாதா குடிக்கிறதைப் பார்த்தா என்ன நினைப்பான்? எனக்காக மாமா.”

எனக்காக என்ற அந்த ஒரு சொல்லில்தான் குழாய்க்காரர் விழுந்தார். அன்றிலிருந்து கடைக்குப் போகிற மாலையெல்லாம் அவர் கையில் கசப்புக் குவளை. முதலில் நாக்கு எரிந்தது. பிறகு எரிவது நின்றது. பிறகு பழகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சில வருஷம் போனபின் அந்தப் பச்சை வாடை வாசற்படியில் அடித்தாலே வயிறு மூடிக்கொண்டது. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கசப்பும், அதைப் பற்றிய பேச்சும், அதற்கு வைக்கிற பெயரும், எல்லாமே அலுத்துவிட்டது. ஆனாலும் மச்சான் கூட்டத்தை நோக்கிக் கைகாட்டும்போது குவளையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடித்தார். மனைவியின் தம்பி என்றால் சும்மாவா.

வீட்டிலும் தகராறு வந்தது. உப்பு இல்லை என்றார், புளிப்பு இல்லை என்றார், போட்டதற்கு மேல் போடச் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “தினமும் போடுற உப்புதான். உங்க நாக்கை எந்தக் கடையில அடகு வச்சுட்டு வந்தீங்க?”

“வயசாகுதுல்ல” என்று சொல்லிச் சமாளித்தார்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் கடைசிக் குழாய். இந்தப் பைத்தியம் ஒருநாள் தெளியும், அன்றைக்கு அங்கே சாதா இருக்கும் என்று மனத்துக்குள் வைத்திருந்தார். மச்சான் கடையைக் கழுவப் போனால் முதலில் அதைத்தான் கழுவுவார். மற்ற குழாய்களின் தூசு படாமல் தனியாகக் கட்டிவைத்திருந்தார். கசப்பு ஓடின குழாயில் சாதாவை விடக் கூடாது. எத்தனை கழுவினாலும் அந்த வாடை குழாயின் உள்தோலில் ஊறிக் கிடக்கும், குழாயையே மாற்றினால்தான் போகும். ஒவ்வொரு கடைக்காரனிடமும் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. கடைசிக் குழாயில் பிடிக்கிற அந்த முதல் வாய்தான், அந்த வருஷங்களில் அவர் தனக்கென்று குடித்த சாதா. கண்ணை மூடிக் குடிப்பார். “ஓடுது” என்பார். மச்சான் குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

கடை திறந்த நாளை வருஷாவருஷம் மச்சான் கொண்டாடுவான். இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை வந்தது, மதியமே கொண்டாட்டம். மனைவியும் கூட வந்தாள். தம்பி கடைக்கு அவள் வருவதே அபூர்வம். வரும் வழியில் குழாய்க்காரர் அவளிடம் சொன்னார்: “இன்னையோட போதும்னு அவன்கிட்டச் சொல்லிடப் போறேன். இனிமே நான் சாதாதான். சுவத்துல வெள்ளை அடிச்சாலும் சரி.”

“இப்பவாவது சொன்னீங்களே” என்றாள்.

உள்ளே போய் மேசை முன்னால் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி குழாய்க்காரர் சொன்னார்: “கடைசிக் குழாய்ல ரெண்டு சாதா.”

மச்சான் கை ஒரு கணம் நின்றது. பிறகு ‘சாதா’ என்று எழுதிய பிடியை இழுத்து இரண்டு குவளை நிரப்பி வைத்தான். அதே பொன்னிறம், அதே இரண்டு விரல் நுரை. குழாய்க்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தோள் தளர நின்றார். விடுமுறை விட்டதுபோல் இருந்தது அவருக்கு. மனைவி ஒரு மிடறு குடித்தாள், குவளையைக் கீழே வைத்தாள்.

“இது சாதாவா? கசக்குதே.”

“உளறாதே. முந்தாநாள்தான் கழுவிட்டு நானே குடிச்சுப் பார்த்தேன்.”

“கசக்குதுங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“பீரைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? டேய் மச்சான், நீயே சொல்லுடா உங்க அக்காவுக்கு.”

வாயாலேயே வீடு கட்டுகிறவன் ஈரத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான்.

“அது சாதா இல்ல மாமா” என்றான் கடைசியில். “ரெண்டு மழைக்காலத்துக்கு முன்னாடியே மாத்திட்டேன். சாதாவை யாரும் கேக்கல, பீப்பாய் புளிச்சுப் போச்சு. பிடியிலயும் பீப்பாயிலயும் சாதாங்கிற எழுத்தை மட்டும் விட்டு வச்சேன், உங்க மனசு நோகக் கூடாதுன்னு. உள்ளே ஓடுறது கசப்பும் வாடையும் கொஞ்சம் கம்மியான பேய்க்கசப்புதான்.”

“நான் கழுவுறேனேடா. ஒவ்வொரு தடவையும் முதல் வாய் குடிக்கிறேனே.”

“அதான் மாமா. முதல் தடவை நீங்க வாயில வச்சப்போ கண்டுபிடிச்சுடுவீங்க, என்னைச் செருப்பால அடிப்பீங்கன்னு நினைச்சேன். கண்டுபிடிச்சிருந்தா அன்னைக்கே சாதாவை மாட்டியிருப்பேன், சத்தியமா. நீங்க ‘ஓடுது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.”

அக்கா மேல் செய்த சத்தியத்தையே அவன் காப்பாற்றவில்லை, இதில் இன்னொன்று. சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. குழாய்க்காரருக்கோ கோபம்கூட வரவில்லை. கண்ணை மூடிக் குடித்த அத்தனை வாயும் ஞாபகம் வந்தது. அந்தக் குழாய்க்குத் தூசு படாமல் தான் கட்டிய கட்டு ஞாபகம் வந்தது. தான் குடித்து முடித்ததும் மேசையைத் துடைக்கிற சாக்கில் இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. நம்பின வீட்டில் தன்னை வைத்து இவ்வளவு நாள் கூத்து நடந்திருக்கிறது என்று நெஞ்சு வலித்தது.

மனைவிதான் கேட்டாள். “நீ என்னடா குடிக்கிறே? இந்தப் பேயைத்தானா?”

மச்சான் பதில் சொல்வதற்குள் அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழே இருந்த சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே சாதா பாட்டில்கள் வரிசையாக நின்றன, பாதி காலியான ஒன்று கதவுப் பக்கம்.

“கடைக்காரனுக்கு நாக்கு முக்கியம் அக்கா” என்றான் அவன் மெதுவாக. “தினமும் அதைக் குடிச்சா நாக்கு செத்துப் போயிடும்னு பீர் காய்ச்சுறவரே சொன்னாரு…”

“தெரிஞ்சுதான் அவருக்கு ஊத்திக் கொடுத்தியா?” அவள் ஃபிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள். “உன் நாக்குதான் நாக்கு. அவர் நாக்கு என்னடா, உன் சுவத்துக்கு அடிச்ச பெயிண்டா?”

மச்சான் அவசர அவசரமாக ஒரு பாட்டிலைத் திறந்து, சுத்தமான குவளையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தான். “குடிங்க மாமா. இது நிஜ சாதா. நாளைக்கே அந்தக் குழாயை எடுத்து வீசிட்டுப் புதுசா போட்டுடலாம். நீங்களே வந்து போடுங்க.”

குழாய்க்காரர் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார். நாக்கில் உருட்டினார், ஒரு தடவை, இன்னொரு தடவை. குளிர்ச்சி தெரிந்தது. நுரை உடைவது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் தண்ணீர். விழுங்கினார். கடையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தச் சொல் வரவில்லை.

“குழாயை மாத்தலாம்டா” என்றார்.

பிறகு குவளையை மனைவி கையில் கொடுத்தார். அவள் தயங்கி ஒரு மிடறு குடித்தாள். குடித்ததும் அவள் முகம் தானாக இளகியது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“முன்னெல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குங்க.”

“அப்படியேன்னா எப்படி?” நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். “கொஞ்சம் சொல்லேன்.”