நல்லாப் பேசின சூப்பர்வைசரும் செத்துப்போன ராப்காரனும்

டும்... டும்... எண்டு அந்தப் பாட்டின்ர பேஸ் அடிக்கேக்க, பெல்ட்டில வாற ஐஸ்கிறீம் டப்பா மூடியெல்லாம் சேர்ந்து நடுங்கும்.

தொண்ணூறுகள். நான் பிழைக்க வந்த நாட்டில, ஈஸ்ட் டாமாக்கி எண்ட இடத்தில ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரி. அமெரிக்காவின்ர தெற்குப் பக்கத்தில இருந்து வந்த ஒரு ராப் பாட்டு... ரேடியோவைத் திறந்தால் அதுதான். நடுவில ஒரு அலறல் வரும். பாடினவன் மெய்யாவே சாகேக்க பதிவான சத்தமாம். கொம்பனி மறைக்குதாம். வீடியோவில வாறது வேற ஆளாம்.

நான் லேசில ஒண்டையும் நம்பாத ஆள். இதை மட்டும் நம்பினன்! கசட் வாங்கி, ஸ்மோக்கோ எண்டுற இடைவேளையில தேத்தண்ணியும் கையுமா, ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டனான்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து கசட்டைக் கழற்றிக்கொண்டு போனார்.

பாட்டில கெட்ட வார்த்தை எண்டு ஆரோ கொம்பிளெயின் பண்ணிப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். நான் அப்ப கஷுவல், எந்த நேரமும் நிப்பாட்டலாம். பெர்மனென்ட் ஆனால்தான் கொழும்பில இருக்கிற மனுசிக்கு விசா அப்ளை பண்ணலாம். கலியாணம் கட்டி மூண்டு மாசத்தில விட்டிட்டு வந்தனான்.

மற்ற நாள் முரளி ஓடி வந்தான். திருச்சிக்காரன். மனுரேவாவில இருந்து தினமும் என்ர காரிலதான் வேலைக்கு வாறவன்.

"அண்ணே, சூப்பர்வைசர் உங்களைப் பத்தி நல்லா பேசினாருண்ணே!"

எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது. நல்லாப் பேசினார் எண்டால் கிழிகிழியெண்டு கிழிச்சார். இந்தியாக்காரர் அதை வேற மாதிரிச் சொல்லுவினம் எண்டு படங்களில எத்தினை தரம் கேட்டிருப்பன்... அண்டைக்கு மண்டையில ஏறேல்லை. அவன்ர சிரிப்பை மட்டும்தான் பாத்தன். நான் பேச்சு வாங்கினதில இவனுக்கென்ன சந்தோசம்? இவன்தான் போட்டுக் குடுத்திருக்கிறான்!

அடுத்த நாள் அவன்ர வீட்டு வாசலில ஹோர்ன் அடிக்கேல்லை. நேர போயிட்டன். இப்பிடி ஒரு கிழமை. ட்ரெயினும் பஸ்ஸும் மாறி, மழையில நனைஞ்சு வருவான். ஏனெண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. குற்றம் செய்தவன் எப்பிடிக் கேப்பான் எண்டு அதையும் சந்தேகப்பட்டன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்கள். துலைஞ்சுது எண்டுதான் போனன்.

மேசையில ரெண்டு சாமான். பெர்மனென்ட் லெட்டர்... என்ர கசட். சூப்பர்வைசர் கதவைச் சாத்திப்போட்டு மெல்லக் கேட்டார், அந்தாள் சாகிறது பாட்டில எந்த இடத்தில, ஒரு கிழமையாக் கேட்டும் பிடிபடேல்லை எண்டு! நீ நல்ல வேலைக்காரன் எண்டு உன்ர ஃபிரெண்டிட்ட அண்டைக்கே சொன்னனே எண்டும் சொன்னார்.

ஓடிப்போய் முரளியைப் பிடிச்சன். "நல்லாப் பேசினார் எண்டால் என்னடா?"

"பாராட்டினாருண்ணே... வேற என்ன?"

வெக்கமாப் போச்சு. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டன். பின்னேரம் கார்க் கதவைத் திறந்து விட்டன். ஏறினான். ஆனா வழக்கமா இருக்கிற முன் சீட்டில இல்லை... பின் சீட்டில.

போன கிழமை மகளிட்ட இந்தக் கதையைச் சொன்னன். ரெண்டு செக்கனில ஃபோனில தட்டிக் காட்டினாள். ராப்காரன் உயிரோட! தலை நரைச்சு, சிரிச்சுச் சிரிச்சு இன்டர்வியூ குடுக்கிறார். அந்த அலறல், ஸ்டூடியோவில ஆரோ ஒருத்தன்ர காலில ஸ்பீக்கர் விழுந்ததில வந்ததாம்.

அப்ப இப்பிடி ஒரு ஃபோன் இருந்திருந்தால் பாட்டில இருந்த சந்தேகம் தீர்ந்திருக்கும். முரளியில வந்த சந்தேகத்துக்கு ஃபோன் தேவையில்லை, வாய் இருந்தது. நான்தான் கேக்கேல்லை.

முரளி இப்ப வெஸ்ட்கேட் பக்கம் குடியிருக்கிறான். வீடியோவை அவனுக்கு அனுப்பினன். உடன பதில் வந்தது.

"ஆளு நல்லா பேசுறாருண்ணே."

குத்திக் காட்டுறானோ... எண்டு இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.