பழைய அருவியில் தண்ணீர் இல்லை

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் எல்லோரும் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போடுவார்கள். நலம் விசாரிப்பதுபோல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மூன்றாவது வார்த்தையில் விஷயத்துக்கு வருவார்கள். குற்றாலத்தில் தண்ணி விழுதா? எங்கே, சொட்டுக்கூட இல்லை என்போம். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை விடியும்போது வாசலில் வேன் நிற்கும். பதினான்கு பேரின் ஈரத்துணியும் நம் மொட்டைமாடிக் கொடியில் தொங்கும்.

லாட்ஜ்காரர்களின் பொய் இதற்கு நேர் எதிர். பாறை காய்ந்து வெடித்துக் கிடந்தாலும், அருமையாக விழுகிறது, கிளம்பி வாருங்கள் என்பார்கள். இந்த இரண்டு பொய்க்கும் நடுவில் ஒரு உண்மை இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் அந்த வெப்சைட்டை ஆரம்பித்தேன். சென்னையில் பத்து வருஷம் அதே வேலை பார்த்தவள் நான். வீட்டுக்காரருக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் மாற்றல் வந்ததால் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். சும்மா இருக்க என்னால் முடியாது.

ஒவ்வொரு அருவிக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. நன்றாக விழுகிறது, குறைவு, வெள்ளம் - குளிக்கத் தடை, தண்ணீர் இல்லை. இந்த நான்கில் ஒன்றைத்தான் போடுவேன். ஐந்தாவதாக ஒரு சொல்லுக்கு இடமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர்தான் எனக்குத் தினமும் போனில் நிலவரம் சொல்வார். சீசன் முடிந்தால் அவர் பழைய அருவிக்குப் போகும் வழியில் ஒரு தோப்பில் காவல் இருப்பார். அப்போதும் சொல்வார்.

முதல் சீசனிலேயே கூட்டம் குவிந்துவிட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சர்வர் கம்பெனிக்காரன் கட்டணத்தை ஏற்றினான். ஊருக்கெல்லாம் இலவசம், நமக்கு மட்டும் கட்டணமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கிண்டல்தான், ஆனாலும் சுருக்கென்றிருந்தது. சரி, இதில் நாலு காசு பார்க்காமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

விளம்பரம் வைத்தேன். எந்த விளம்பரம் வரவேண்டும் என்பதை விளம்பரக் கம்பெனியின் மெஷினே முடிவுசெய்யும். ‘தண்ணீர் இல்லை’ என்றிருந்தால் அதன் கீழே ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் வந்தார்கள். ‘வெள்ளம் - குளிக்கத் தடை’ என்றிருந்தால் ஆயுள் காப்பீடு வந்தது. எதை வாசித்து அது இதைக் கண்டுபிடிக்கிறது என்று நினைத்தபோது பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேன். அருவி திறந்ததும் போனுக்குச் செய்தி அனுப்புகிறேன், சந்தா கட்டுங்கள் என்றேன். சித்தப்பா மகன் ஓசியில் சொல்வதற்கு எவன் சந்தா கட்டுவான்? கடைசியில் கோயில் உண்டியல் மாதிரி ஒரு நன்கொடைப் பொத்தானை வைத்தேன். கொடுப்பவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போகக் கீழே ஒரு பெட்டியும் வைத்தேன். சீசனில் கொஞ்சம் வந்தது. தை பிறந்ததும் நின்றுபோனது.

தைக்குப் பிறகு வெப்சைட்டுக்கு யாரும் வருவதில்லை. பாறையைப் பார்க்க யார் வருவார்கள்? வந்தவர்கள் கணக்கில் நாள் முழுக்கப் பூஜ்யம்தான் இருக்கும். மாசியில் ஒருநாள், எதை விற்கலாம் என்று யோசித்துக்கொண்டே பழைய கணக்கையெல்லாம் புரட்டியபோதுதான் கவனித்தேன். பூஜ்யம் இல்லை, ஒன்று. தினமும் ஒன்று. பிற்பகல் இரண்டு இருபதுக்கு ஒரு போனிலிருந்து வருகிறது. பழைய அருவியின் பக்கத்தை மட்டும் திறக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது.

மெஷின் என்றுதான் முதலில் நினைத்தேன். வெப்சைட்டுகளை வாசித்துக்கொண்டு போவதற்கென்றே மெஷின்கள் உண்டு. ஆனால் மெஷின் நொடி தவறாது. இது ஒருநாள் இரண்டு பதினெட்டு, ஒருநாள் இரண்டு இருபத்தொன்று. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிற ஒரு மனுஷரின் நேரம் அது.

எனக்கும் அந்த நேரம் பழகிப்போனது. தெருவே அடங்கிக் கிடக்கும் வெயிலில், மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பூஜ்யம் ஒன்றாக மாறும். யாரோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நிற்பதுபோல் பிடரியில் குளிரும். பேய்க்கு உன் வெப்சைட் பிடித்துப்போயிற்று, சந்தா கேட்டுப் பார் என்றார் வீட்டுக்காரர்.

மாசிக் கடைசியில் உண்டியலில் பத்து ரூபாய் விழுந்தது. நேரம் இரண்டு இருபத்திரண்டு. பெட்டியில் ஒரு வரி இருந்தது: ‘இன்னைக்கும் இல்லன்னு போட்டதுக்கு நன்றி.’ அதைக் காட்டியபோது வீட்டுக்காரர் கிண்டல் செய்யவில்லை. தண்ணீர் இல்லாததற்கு நன்றி சொல்கிற ஆளை இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த நேரத்தில்தான் லாட்ஜ் முதலாளி ஒருவர் வந்தார். வயதில் மூத்தவர், தங்கமான பேச்சு. வருஷச் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்வதாகவும், உச்சியில் அவருடைய லாட்ஜின் பெயரைப் போட்டால் போதும் என்றும் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது.

“பங்குனி சித்திரைல ரூமெல்லாம் சும்மா கெடக்கு தங்கச்சி. இல்லைன்னு வாசிச்சா ஒருத்தனும் வரமாட்டான். லேசா விழுதுன்னு போட்ருங்க. பாறைல எப்பவும் கொஞ்சம் கசியத்தான செய்யும்?”

இரண்டு நாள் யோசித்தேன். கசியத்தான் செய்கிறது. கசிவும் தண்ணீர்தான். இப்படி எனக்கு நானே வக்கீலாகி வாதாடி ஜெயித்து, மூன்றாம் நாள் காலையில் எல்லா அருவிகளின் பக்கங்களிலும் ‘தண்ணீர் இல்லை’யை அழித்துவிட்டு ‘லேசாக விழுகிறது’ என்று போட்டேன். ஐந்தாவது சொல் அன்றுதான் உள்ளே வந்தது.

அன்று இரண்டு இருபதுக்கு அது வந்தது. போகவில்லை. இரண்டு இருபத்தொன்றுக்குத் திரும்பத் திறந்தது. பிறகு நிமிஷத்துக்கு ஒருதரம் மூடி மூடித் திறந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினேழாவது தடவைக்குப் பிறகு நின்றுவிட்டது. என்ன தேடுகிறது, நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியாமல் திரையை விட்டு எழாமலே இருந்தேன்.

நாலரை மணிக்கு எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி போன் செய்தார்.

“மேடம், இங்கன பழைய அருவில ஒரு பெரியவர் நிக்காரு. கைல பொம்பளப் பிள்ளை உடுப்பு வச்சிருக்காரு. கேட்டா நெட்டுல தண்ணி விழுதுன்னு போட்டிருக்குங்காரு. பாறைல ஏறப் பாக்காரு, நான் புடிச்சு வச்சிருக்கேன். நீங்க வாங்க.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். சீசன் இல்லாத பழைய அருவியை நான் அதுவரை பார்த்ததில்லை. கடைகள் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கிடந்தன. குரங்குகள்கூட இல்லை. படியேறும்போது என் செருப்புச் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது. தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்த பாறை. அதன் கீழே லட்சம் பேர் பிடித்துப் பிடித்து வழவழத்துப்போன இரும்புக் கம்பி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரின் ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, வெள்ளை வேட்டி. கையிலிருந்த பையில் ஒரு மஞ்சள் சுடிதாரும் துண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“பொம்பளைங்க பக்கம் நான் போகக் கூடாதுல்லா. நீ போயி ஒரு சத்தம் குடு தாயி. நேரமாச்சு, ஈரத்தோட நிப்பா.”

ஒரு பெயரைச் சொன்னார். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெரியவர் மனம் ஆறட்டும் என்று பையை வாங்கிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனேன். அங்கே வெயிலும் பாறையும் தவிர ஒன்றுமில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாறையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. ஒருதரம் கூப்பிட்டதே போதும். ஏன் இரண்டாவது தடவை கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்கு எதிரொலி வரவில்லை. திரும்பி நடந்தபோது கணுக்கால் பக்கம் என் உடுப்பு நனைந்திருந்தது. எங்கேயோ கசிந்திருக்கும், நான் பார்க்காமல் மிதித்திருப்பேன். அப்படித்தான் இருக்கவேண்டும்.

“நிக்காளா?” என்றார் பெரியவர்.

“இல்ல ஐயா. தண்ணியே இல்ல.”

அவர் பாறையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப எதுக்கு விழுதுன்னு போட்டிருக்கான்?”

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

சிறிது நேரத்தில் அவருடைய மனைவி ஆட்டோவில் வந்து சேர்ந்தார். காலில் செருப்பில்லை. படியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அந்த அம்மாவுக்கு மூச்சே வந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் வீடு. காலேஜ் படித்துக்கொண்டிருந்த ஒரே மகள், பல வருஷத்துக்கு முன்னால் அத்தைமார்களோடு இங்கே குளிக்க வந்திருக்கிறாள். கீழே வெயில், மலைமேலே மழை. இரண்டரை மணிக்குத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியிருக்கிறது. மறுநாள்தான் அவளைக் கண்டெடுத்தார்கள்.

இப்போது இரண்டு வருஷமாக அவருக்கு நினைவு தப்புகிறது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, பிள்ளை குளித்துவிட்டு நிற்பாள், கூட்டிவர வேண்டும் என்று பையை எடுத்துவிடுவார். மனைவி சொன்னால் நம்பமாட்டார். வேலைக்காலம் முழுவதும் பத்திரப்பதிவு ஆபீசில் இருந்தவர், எழுதி வைத்திருப்பதைத்தான் நம்புவார். அதனால் அந்த அம்மா தினமும் போனைத் திறந்து பழைய அருவியின் பக்கத்தைக் காட்டுவார். ‘தண்ணீர் இல்லை’ என்பதை அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, சரி, அப்போ இன்னைக்கு அவள் போகவில்லை என்று படுத்துத் தூங்கிவிடுவார். சீசன் மாதங்களில் கேட்டைப் பூட்டிவைத்து அழுகையும் சண்டையுமாக நாளைத் தள்ளுகிறார்.

“இன்னைக்கு நானும் மூடி மூடித் தெறந்து பாத்தேன் தாயி. இல்லன்னு வரவேயில்ல” என்றார் அந்த அம்மா. அடுப்படிக்குப் போய் வருவதற்குள் அவர் இறங்கிவிட்டாராம்.

அந்த வெப்சைட்டை நடத்துவது நான்தான் என்று ஆட்டோவில் ஏற்றிவிடும்போது சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா என் கையைப் பிடித்து, அந்த ஒரு சொல் மட்டும் இருக்கட்டும் தாயி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா அருவிகளின் பக்கங்களிலும் பழையபடி மாற்றினேன். லாட்ஜ் முதலாளி வருத்தப்பட்டுவிட்டு விலகிக்கொண்டார். ஆனால் வைகாசி முடிந்தால் தண்ணீர் நிஜமாகவே விழுமே. ஊருக்கு உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதனால் அவர்கள் இருவருக்கும் மட்டும் தனியாக ஒரு பக்கம் செய்து, நேரில் போய் அந்த அம்மாவின் போனில் வைத்துக் கொடுத்தேன். தேதி தானாக மாறும். வரி மாறாது. பழைய அருவி: தண்ணீர் இல்லை. அந்த ஆனியில் சாரல் ஓயாமல் அடித்தது, மூன்று நாள் வெள்ளம் வந்தது. தினமும் இரண்டு இருபதுக்கு அந்தப் பக்கம் ஒருதரம் திறந்து மூடிக்கொண்டது.

என் வெப்சைட் இன்றும் இலவசம்தான். கீழே லாட்ஜ்களின் பட்டியல் இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே கட்டணம், ஏதோ கையைக் கடிக்காமல் ஓடுகிறது. மேலே உள்ள வரியை யாருக்கும் விற்பதில்லை. அந்தத் தனிப் பக்கத்தில் விளம்பரமே கிடையாது.

சென்ற ஐப்பசியில் அவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பதினாறாம் நாள் கழிந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று கணக்கைத் திறந்தேன். இரண்டு இருபது, ஒன்று. அதற்கு முந்திய நாளும் ஒன்று. ஒருநாள்கூட விடவில்லை. பழக்கம், பாவம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி வந்தது. வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், பூஜ்யம் ஒன்றானதும் மனசு கேட்காமல் போன் செய்தேன். தினமும் பார்க்கிறீர்களே அம்மா என்றேன்.

“அவரு போனதுல இருந்து அந்தச் சத்தம் எனக்குக் கேக்கு தாயி” என்றார். “சாப்பிட்டுக் கை கழுவினா கேக்கு. அதான் ஒருதரம் பாத்துக்கிடுதேன்.”

அப்போது அவர் பக்கத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் போனில் கேட்டது. கை கழுவிவிட்டு அப்படியே வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“குழாயை மூடிருங்கம்மா. தண்ணி போகுது.”

“குழாய்ல ரெண்டு நாளா தண்ணி வரலியே தாயி” என்றார். “குடத்துத் தண்ணிலதான் கழுவுதேன்.”

சத்தம் நிற்கவில்லை.

“தண்ணி இல்லம்மா” என்றேன். “போட்டிருக்கேன், பாருங்க.” சொல்லிக்கொண்டே நானும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.