மழைச் சத்தத்தோடு வந்த பாட்டு

எங்கள் பொம்மைப் பட்டறையில் பாட்டு போடுவதற்கு முறை உண்டு. செல்போனில் மெமரி கார்டு வந்த புதிது அது. ஆளுக்கு ஒரு நாள் அவரவர் கார்டை ஸ்பீக்கர் பெட்டியில் செருகிவிட்டு, அச்சிலிருந்து எடுத்த மண் பொம்மைகளைச் சுரண்டி வழவழப்பாக்க உட்காருவோம். என் முறை வந்தாலே எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாடகியின் மூன்று பாட்டு. கடையில் போன் வாங்கியபோதே கார்டில் கிடந்தவை. என்ன மொழி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கிடாரை வைத்துக்கொண்டு, பக்கத்தில் குழந்தை தூங்குவது போல மெல்லப் பாடுவாள். பின்னால் காற்று வீசும், எங்கோ ஒரு நாய் குரைக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும். கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா, சூளையில் பொம்மை வெடித்துவிடுமா என்று ஏதாவது ஒன்று. அவள் பாடுகிற நேரம் மட்டும் அது அடங்கும்.

எங்களில் மூத்தவரைப் பெரியக்கா என்போம். ஒருநாள் அவர் எழுந்து போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்.

“என்னாடி இது, எழவு வூட்ல ஒக்காந்திருக்கற மாதிரி இருக்குது? எப்பப் பாரு அதே மூணு பாட்டு. அடுத்த வாட்டி வேற ஆளு பாட்டு கொண்டா. இல்லன்னா உன் முறைய நான் எடுத்துக்கறேன்.”

“குத்துப்பாட்டு எனக்கு ஆவாதுக்கா.”

“அப்ப இவள மாதிரியே இன்னொருத்திய புடிச்சாந்து காட்டு, பாப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஒரு நாளும் போய்விட்டால் வாரம் முழுக்க அடுத்தவர் பாட்டுதான்.

செல்போன் கடைக்காரர் சினிமா சோகப்பாட்டாக ஏற்றிக் கொடுத்தார். அது இல்லை நான் கேட்டது. மிச்சம் இருந்தது ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டர். வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். தெரியாமல் எதையாவது அழுத்தி மெஷின் கெட்டுப்போனால்? கடைசியில் அங்கே வேலை பார்த்த பெண்ணே கூப்பிட்டாள்.

“உள்ள வாங்கக்கா. யாரையாவது தேடறீங்களா?”

“ஆமாம்மா, ஒருத்திய தேடறேன்,” என்று போனை நீட்டினேன்.

போன் திரையில் இருந்த பேரைப் பார்த்து அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். என் பாடகி வந்தாள். பக்கத்திலேயே வரிசையாக வேறு முகங்கள்.

“இவங்கள கேக்கறவங்க இவங்களையும் கேப்பாங்கக்கா.”

உலகத்தில் இத்தனை பேரா மெல்லப் பாடுகிறார்கள்! கூட்டம் இல்லாத படமாக, பனி மூடிய படமாகப் பார்த்துக் கை காட்டினேன். முதலில் காட்டிய பனிப் படம் டீத்தூள் விளம்பரமாகப் போயிற்று. அடுத்தது, ஏரிக்கரையில் வயலின் வாசிக்கும் ஒரு பெரியவர். அதற்கும் அடுத்து, மர வீட்டுக்குள் உட்கார்ந்து பாடும் ஒரு பெண். விட்டு விட்டுத்தான் ஓடியது, காத்திருந்து கேட்டேன். அவள் வாய் திறந்ததும் நெஞ்சு அடங்கிவிட்டது. இவள்தான். பெரியவர் வாசித்ததையும் இவள் பாட்டையும் அந்த சென்டர் பெண்ணே என் கார்டில் ஏற்றிக் கொடுத்தாள்.

என் முறை வந்தது. நல்ல வெயில். வாசலில் பலகை பலகையாகப் பச்சைப் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. சூளைக்குப் போகாத மண், தண்ணீர் பட்டால் மூக்கும் முழியும் கரைந்துவிடும். கார்டைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன். தகரக் கூரைமேல் சடசடவென்று சத்தம்.

“ஐயோ, மழ!”

முதலில் கத்தியது நான்தான். அந்தப் பாட்டு மழைச் சத்தத்தில்தான் தொடங்கும் என்று தெரிந்த நானே கத்தினேன். அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம். பெரியக்கா ஒரு பலகையைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே அந்தப் பெண் பாட ஆரம்பித்திருந்தாள்.

“அடிப்பாவி! பாட்டுலயாடி பேயுது மழ?”

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் பலகையை இறக்கவே இல்லை. தலையைச் சாய்த்து அப்படியே நின்று கேட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

“எங்கருந்துடி புடிச்ச இவள?”

“தேடிப் புடிச்சேன்க்கா.”

“இந்த வெயில்ல மழய கொண்டாந்துட்டாளே! மொதல்லருந்து போடு. இன்னொரு வாட்டி எவளாச்சும் இவ முறைல கை வெச்சா என்கிட்டதான் பேசணும்.”

ஸ்பீக்கரை நிறுத்தியதே அவர்தான் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பட்டறையே சிரித்தது. வயலின் பெரியவரையும் விடாமல் சாயங்காலம்வரை ஓடவிட்டோம்.

வேலை முடிந்ததும் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கால் வாசலில் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸை நானே பிடித்தேன்.