எட்டு மூட்டை உப்பு

இருபத்தாறு வருடமாக ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்புக்குக் காவல் இருந்தவளிடம், சுவரில் மாட்டிய ஒரு டப்பா உப்பு கம்மி என்று சொன்னது. அவளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. கோபத்தோடு போய் அது சொன்னபடியே செய்தாள் பாருங்கள், அதில்தான் நியாயம் இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் சமையலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தினமும் மூன்று அண்டா: உப்பே இல்லாதது, அரை உப்பு, முழு உப்பு. எந்த அண்டா எந்த வார்டுக்கு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அண்டாவுக்குள் இருப்பது சரியா என்பதை அவள் நாக்கு சொல்லும். மாடியிலிருந்து "சாப்பாட்டுல உப்பே இல்ல" என்று புகார் வந்தால் மற்றவர்களைப்போல உப்பு ஜாடியைத் தேட மாட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறி, புகார் சொன்னவரின் கட்டிலருகே நின்று, "எங்க, நாக்கை நீட்டுங்க" என்பாள். காய்ச்சல்காரரின் நாக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கும்.

"சாப்பாட்டுல குறை இல்லீங்க. உங்க நாக்குல படலம். மூணு நாள் கழிச்சு இதையே சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

மூன்று நாள் கழித்து யாரும் புகார் சொன்னதில்லை. பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதும் உண்மைதான்.

நீச்சல் குளம் வைத்த வீடு அவள் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. அவளுடைய கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்தே இடது முட்டி தேய்ந்துபோய், போன மழைக்காலத்தில் அறுவை செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். புண் ஆறிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. எழுபது டிகிரியில் போய் நின்றுகொண்டு அதற்கு மேல் வர மாட்டேன் என்றது. தண்ணீரில் இறங்கி நடந்தால் சீக்கிரம் மடங்கும் என்றார் சர்ஜன். தரையில் செய்யச் சொன்ன பயிற்சிகளை அவர் செய்த லட்சணத்தைப் பார்த்துத்தான் அவள் தம்பி இந்த வீட்டைக் கண்டுபிடித்தான்.

"அக்கா, குளம் வீட்டுக்குப் பின்னாடியே இருக்கு. அதுவும் உப்புத் தண்ணிக் குளம். குளோரின், மருந்து, மாயம் ஒண்ணும் கிடையாது. உப்பு போட்டா போதும், அதுவா பார்த்துக்கும். நீ உப்பு போடாத ஆளா?"

அவள் சிரித்துவிட்டாள். வீட்டை வாங்கினார்கள். குடிபோன வாரத்தில் சர்ஜன் கெடு வைத்தார்: "ஆறு வாரம் தரேன். தொண்ணூறு டிகிரி வரணும். வரலைன்னா மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்கிடுவோம்." அவர் அதைச் சொன்னபோது கையால் ஒரு விறகை ஒடிப்பதுபோலக் காட்டினார். கணவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடது முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்.

குளம் எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். ஒரு பக்கம் மார்பளவு, இன்னொரு பக்கம் ஆள் ஆழம். பக்கத்தில் நாய் வீடு அளவுக்கு ஒரு மெஷின் ரூம். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு பம்பு, தண்ணீரை வடிகட்ட மணல் நிரப்பிய ஒரு தொட்டி, சுவரில் அந்த டப்பா. வீட்டை விற்றவர் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: "சிவப்பு விளக்கு எரிந்தால் உப்பு போடவும்." குடிபோன மூன்றாம் நாளே சிவப்பு விளக்கு எரிந்தது. உப்பு கம்மி.

அவள் குனிந்து, குளத்தில் விரல் நனைத்து நாக்கில் வைத்தாள். ஆஸ்பத்திரியின் அரை உப்பு அண்டா. அச்சு அசலாக அதே. குளத்துச் சாமான் விற்கும் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"எவ்வளவு உப்பு இருக்கணும்?"

"லிட்டருக்கு மூணு கிராம், மூணரை கிராம்மா."

"அது இருக்கே."

"எதுல பார்த்தீங்க?"

"நாக்குல."

கடைக்காரர், "விளக்கு என்ன சொல்லுது?" என்றார்.

"கம்மின்னு சொல்லுது."

"அப்ப போடுங்க. இருபத்தஞ்சு கிலோ மூட்டை ரெண்டு அனுப்பறேன்."

சமையலறையில் யாராவது அவளிடம் இப்படிப் பேசியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். ஆனால் இது சமையலறை இல்லை. தெரியாத இடத்துக்குப் போனால் நமக்குத் தெரிந்ததும் தெரியாததாகிவிடுகிறது. நாக்குக்கு விளக்கு கிடையாது, டப்பாவுக்கு இருந்தது. இரண்டு மூட்டையையும் பிரித்துக் கொட்டினாள்.

விளக்கு அணையவில்லை. இன்னும் இரண்டு கொட்டினாள். அதற்குள் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தது. வேலைக்குப் போய் மூன்று அண்டாவைக் கிண்டிவிட்டு வந்து, நீளக் கம்பியில் பிரஷ் மாட்டிச் சுவரைத் தேய்த்தாள். தேய்த்த இடம் மறுநாள் பழையபடி வழுக்கியது. கணவர் குளத்திலிருந்து பத்தடி தள்ளி, சுவரோரம் நாற்காலி போட்டு, இடது காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருப்பார்.

"லெஃப்ட்ல விட்டுட்டே பாரு. இன்னும் கொஞ்சம் பின்னாடி வா. வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்."

"நான் என்ன பஸ்ஸா?"

"சொல்லிக் கொடுத்தா கோச்சுக்கறே."

"வாய் வேலை செய்யறதுல பாதி அந்த முட்டி செஞ்சிருந்தா இந்நேரம் தொண்ணூறு தாண்டியிருக்கும். காலையில பயிற்சி பண்ணீங்களா?"

"தண்ணி சரியாகட்டும். மொத்தமா அதுலயே பண்ணிக்கறேன்."

ஐந்து மூட்டை. ஆறு. ஆறாவது மூட்டைக்குப் பிறகு தண்ணீரை நாக்கில் வைத்தவள் துப்பினாள். "இதுக்கு மேல போட்டா வாயில வைக்க முடியாதுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

"குளத்தை யாரும் குடிக்கப் போறதில்லம்மா" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்புக்காகவே போனை வைத்தாள். வைத்துவிட்டு, வேறு வழி தெரியாமல் ஏழாவதையும் எட்டாவதையும் கொட்டினாள். மூன்று வாரம் போயிருந்தது. விளக்கு முதல் நாள்போலவே சிவப்பாக எரிந்தது. முட்டி எழுபத்திரண்டு.

நாலாவது வாரம், அவளுக்கு விடுமுறை நாள். கணவருக்கு இரண்டு நாளாகச் சளிக் காய்ச்சல். மதியம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"என்னம்மா இது, உப்பே இல்ல. குளத்துல கொட்டற உப்புல ஒரு கை இதுல போடக்கூடாதா?"

"எங்க, நாக்கை நீட்டு..."

வாக்கியம் பாதியில் நின்றது. கரண்டியும் பாதியில் நின்றது. அவர் நாக்கை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் படலம் அப்பியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மெஷின் ரூமில் மின்சாரத்தை நிறுத்தி, வால்வுகளை மூடினாள். டப்பாவிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, கண்ணாடி மாதிரியான ஒரு குழாய்க்குள் போயிற்று. இத்தனை நாளும் அவள் விளக்கைத்தான் பார்த்தாளே தவிர, ஒயர் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. குழாயைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே அடுக்கடுக்காக உலோகத் தகடுகள். தகடுகளுக்கு நடுவே, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, வெள்ளை வெளேரென்று காறை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்ப்பது இந்தத் தகடுகள்தான். இருபத்தாறு வருடத்தில் உப்பு இல்லை என்று புகார் சொன்ன எந்த மனிதரையும் நாக்கைப் பார்க்காமல் அவள் நம்பியதில்லை. இந்த டப்பாவை நம்பினாள். விளக்கு எரிகிறதே என்று நம்பினாள்.

"எருமை" என்று சொன்னாள். டப்பாவைச் சொன்னாளா, தன்னையா என்பது அவளுக்கே தெளிவாக இல்லை.

காறையை எடுப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. ஆஸ்பத்திரியின் வெந்நீர் பாய்லரில் மாதாமாதம் இதே வெள்ளைதான் படியும். வினிகர் ஊற்றி ஊறவைப்பார்கள். தகடுகளை ஒரு வாளியில் நிறுத்தி வினிகரை ஊற்றினாள். நுரைத்தது. இரண்டு மணி நேரத்தில் தகடுகள் பளபளவென்று வந்தன. குழாயை மாட்டி, வால்வைத் திறந்து, மின்சாரத்தைப் போட்டாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. அதற்குக் கீழே இருந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. உப்பு மிக அதிகம். பக்கத்திலேயே க்ளிக் என்று ஒரு சத்தம். மெஷின் தானாக நின்றுவிட்டது.

அவள் மெஷின் ரூமின் வாசலில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?"

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு நெனைச்சேன்மா. மொத்தம் எத்தனை மூட்டை போட்டீங்க?"

"எட்டு. அனுப்பினது நீங்கதானே? எண்ணத் தெரியாதா?"

"உப்பு ஆவியாகாதும்மா. ஒரே வழிதான். பாதித் தண்ணியைத் திறந்து விட்டுட்டு நல்ல தண்ணி ரொப்புங்க. தோட்டத்துல விட்டுடாதீங்க, செடியெல்லாம் செத்துடும். சாக்கடைக் குழாய்ல விடுங்க. அதுவரைக்கும் பாசிக்குக் குளோரினைக் கையால ஊத்திக்குங்க."

தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு தம்பி வந்தான். குளோரின் கேனைப் பார்த்ததும், "உப்புக் குளத்துக்கு எதுக்குக்கா குளோரின்?" என்றான்.

"அந்த மெஷின் உப்பை எடுத்து என்ன பண்ணுது தெரியுமா? குளோரின் பண்ணுது. அதுதான் அதோட வேலையே. மூணு வாரமா ஒரு சொட்டுப் பண்ணல. அதான் பாசி. ஒண்ணும் கிடையாது, அதுவா பார்த்துக்கும்னு சொன்னது யாரு?"

தம்பி மோட்டாரின் ஒயரை ரொம்பக் கவனமாகப் பிரித்தான்.

மறுநாள் மாலைக்குள் பாசி செத்து, பாதித் தண்ணீர் போயிருந்தது. ஆழம் குறைந்த பக்கம் முட்டிக்குக் கீழே, ஆழப் பக்கம் இடுப்பளவு. தம்பி போய்விட்டான். அவள் வெளியே தெரிந்த சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. காய்ச்சல் விட்ட கையோடு, நாலு வாரத்தில் முதல் தடவையாக அவர் குளத்தின் விளிம்புக்கு வந்திருந்தார்.

"இவ்வளவுதானா ஆழம்?"

"இப்ப இவ்வளவு. ரொம்பினா பழைய மாதிரி."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

அவள் பிரஷைக் கீழே வைத்தாள்.

"நிறைஞ்சு நிக்கற தண்ணியைப் பார்த்தா காலு நகர மாட்டேங்குது. நல்ல காலும் சேர்த்து."

"இதை வீடு வாங்கறப்பவே சொல்றதுக்கென்ன?"

"உன் தம்பி முன்னாடி எப்படிச் சொல்றது? முப்பது வருஷம் அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில ஓட்டினவன்னு எனக்கு ஒரு பேரு இருக்கு."

"அப்ப சிவப்பு விளக்கு எரிய எரிய உங்களுக்குக் கொண்டாட்டம். நான் இங்க மூட்டை சுமக்கறேன்."

"பழக்கதோஷம்மா. சிவப்பு எரிஞ்சா நிக்கணும்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். தண்ணீரும் முட்டியளவுதான். அதற்குள் அவர் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தார். மூன்றாவதில் பாதம் நனைந்தது. கீழே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். முகம் வெளிறியிருந்தது. திரும்பி நாலு எட்டு.

அவள் ஹோஸ் பைப்பைக் குளத்துக்குள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய், மாவு பிசையத் தண்ணீர் விடுகிற அளவுக்குத் திருகிக் குறைத்தாள்.

இரண்டு நாளில் நிரம்ப வேண்டிய குளம் பத்து நாள் எடுத்துக்கொண்டது. நாளைக்கு நாலு விரல் ஏறியது. நாலு விரலுக்கு யாரும் பயப்படுவதில்லை. அவர் காலையும் மாலையும் இறங்கினார். தண்ணீர் முட்டியைத் தொட்டது, தொடையைத் தொட்டது, இடுப்புக்கு வந்தது. படியில் உட்கார்ந்து காலை மடக்கும்போது வலியில் சர்ஜனின் வம்சத்தையே திட்டினார், ஆனாலும் மடக்கினார். பாசி வராமல் அவள் தினமும் கையால் குளோரின் ஊற்றினாள். ஊற்றி ஒரு மணி நேரம் அவரை இறங்க விட மாட்டாள். பிரஷைப் பற்றிய யோசனைகளை அவர் இப்போது தண்ணீருக்குள்ளிருந்து சொன்னார்.

"இன்னுமாம்மா ரொம்பல?" என்று கடைக்காரர் போனில் கேட்டார்.

"குழாய்ல வேகமில்ல" என்றாள்.

பத்தாம் நாள் தண்ணீர் விளிம்புக்கு வந்தது. மார்பளவுத் தண்ணீரில் அவர் சுவரை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தார். அவள் விரல் நனைத்து நாக்கில் வைத்தாள். அரை உப்புக்கு ஒரு சிட்டிகை அதிகம். மெஷினைப் போட்டாள், எந்த விளக்கும் குறை சொல்லவில்லை. அதையும் அவள் முழுசாக நம்பவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பம்பின் காலுக்கு அடியில் சொருகினாள்.

ஆறாவது வாரம். சர்ஜன் அளவுகோலை முட்டியில் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு முறை வைத்தார்.

"தொண்ணூத்தி மூணு. மயக்க மருந்து வேண்டாம். வீட்டுல என்ன பண்ணீங்க?"

கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உப்புத் தண்ணிக் குளம் டாக்டர். நீங்களும் ஒண்ணு வச்சுக்குங்க. ரொம்பச் சுலபம், ஒண்ணுமே பண்ண வேண்டாம். உப்பு போட்டா போதும், அதுவா பார்த்துக்கும்."

அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டாக்டர், முட்டியை விடுங்க. இவர் நாக்கை ஒரு தடவை பாருங்க."