ரிவர்ஸ்டன் பயணத்தில் எழுதாமல் விட்ட நேரம்

ரிவர்ஸ்டன் மலைக்கு எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது 2008 ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், மனைவி சாரதாவோடு. அவள் மாத்தளையில் கணித ஆசிரியை. கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது, ஒருநாளாவது அந்த மூடுபனிக்குள் நிற்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

மாத்தளையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலை 6.10 பஸ், ஆளுக்கு நாற்பத்தெட்டு ரூபாய். 6.50க்கு ரத்தோட்டையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். வழக்கம்போல எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன். சாரதா உளுந்து வடையைப் பிட்டு என் வாயருகே நீட்டினாள். "கொப்பிய மூடிட்டுத் தின்னுங்க. வடை ஆறுன நேரத்தையும் எழுதிடாதீங்க" என்றாள். பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

8.25க்கு இறங்க வேண்டிய இடம். எழுப்பினேன். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. பேச்சு குழறியது. வலது கையிலிருந்து பை நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை. நானோ பஸ் மயக்கம் என்று நினைத்து, எலுமிச்சை, அதுதான் தேசிக்காய், வாங்கி முகரக் கொடுத்தேன். அந்த மடத்தனத்தில் கால் மணி நேரம் போனது. தேநீர்க் கடையில் நின்ற வேன்காரர் நசீர் கிட்ட வந்து பார்த்தார். "இது மயக்கமில்ல சார். எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் வந்திச்சு. ஏறுங்க."

மாத்தளை ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் கண்டிக்கு அனுப்பினார்கள். நசீரின் வேனிலேயே போனோம். இருபத்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் யுத்த காலம், இடையில் சோதனைச்சாவடி. எல்லாரையும் இறங்கச் சொன்ன சிப்பாய், சாரதாவின் முகத்தைப் பார்த்ததும் அடையாள அட்டை கேட்காமலே தடுப்பை உயர்த்தினான். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையை அடைந்தபோது 11.10.

"கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்று அங்கிருந்த இளம் டாக்டர் கேட்டார். கொப்பியைப் புரட்டினேன். பஸ் நம்பர் இருந்தது, கட்டணம் இருந்தது, வளைவுகளின் எண்ணிக்கைகூட இருந்தது. அவள் மட்டும் இல்லை. வடை தந்தது ஏழு மணி என்று சொன்னேன். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்காம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு மூன்று மணி நேரம்தான் எல்லை. நாங்கள் நான்கைத் தாண்டியிருந்தோம். அவள் தலை என் தோளில்தான் இருந்தது. நான் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் கைவிடவில்லை. முதல் ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. பிறகு கையில் மருந்துச் சாயம் ஏற்றி, மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று இன்னொரு ஸ்கேன் எடுத்தார். திரையில் சிறு பகுதி செத்திருந்தது. அதைச் சுற்றிப் பெரிய பகுதி இரத்தம் குறைந்து, ஆனால் உயிரோடு இருந்தது. வாய்க்கால் அடைபட்ட வயலில் வாடி நிற்கும் பயிர் மாதிரி என்றார். "மணிக்கூட்டப் பாத்தா குடுக்க ஏலாதுன்னு சொல்லணும். படத்தப் பாத்தா குடுக்கலாம்னு தோணுது. ஆனா மூளையில இரத்தம் கசியலாம். நீங்கதான் சொல்லணும்."

12.05க்குக் கையெழுத்துப் போட்டேன். உடனே மருந்தை ஏற்றினார்கள். மாலை நான்கு மணிக்கு அவள் வலது கை ஆட்காட்டி விரல் என் உள்ளங்கையில் அசைந்தது. அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நோய் கண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வந்தவர். அவருடைய படத்தில் காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை. அவர் மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: 6.10 பஸ்ஸை விடாதீர்கள், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கூட வந்தவரின் வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் தேசிக்காய் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த ஆகஸ்டில் மறுபடியும் போனோம். பனிக்குள் அரை மணி நேரம் கைகோத்து நின்றோம். கொப்பி இம்முறை அவளிடம். வலது கை எழுத்து இன்னும் கோணல்தான். வீட்டுக்கு வந்து, இந்தக் கட்டுரைக்காகக் கொப்பியில் பஸ் நேரங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. இருந்தது இதுதான்:

6.55 வடை சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறார்.
7.20 நன்றாக இருக்கிறார்.
7.40 தூங்கப் பார்த்தார். எழுப்பிவிட்டேன்.